கொடைக்கானல் பகுதி மாஸ் பட்டியல்: எடுப்பது, உலர்த்துவது, பெயர் வைப்பது

தூவானம் எழுதியது:

கொடைக்கானல் நகரம், பெருமாள்மலை, பண்ணைக்காடு, தாண்டிக்குடி. இந்தச் சுற்றில் உள்ள மாஸ்களுக்கு (பாசிபோல் படரும், பூக்காத சிறு செடிகள்) ஒரு பட்டியல் போடத் தொடங்குகிறோம். நாங்கள் தாவரவியல் மாணவர்கள். பூக்கும் தாவரங்களை அழுத்தி ஒட்டிப் பழக்கம் உண்டு, மாஸ் புதிது. கேள்விகள் மூன்று.

ஒவ்வொரு இடத்திலும் எவ்வளவு எடுப்பது, எதில் போடுவது? மேலே எப்போதும் மூடுபனி, எப்படி உலர்த்துவது? ஃபோரோ பாதிரியார் 1961இல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழக இதழில் வெளியிட்ட பழனிமலை மாஸ் பட்டியல் கையில் இருக்கிறது, அதை வைத்தே பெயர் போட்டுவிடலாமா?

கூடவே ஒரு படம். பண்ணைக்காட்டில் சிமெண்ட் தண்ணீர்த் தொட்டியின் சுவர். கரும்பச்சை, உயரம் 1 செ.மீ. கூட இல்லை, காய்ந்தால் இலை உள்பக்கமாகச் சுருண்டுகொள்கிறது. பார்புலா என்ற மாஸ் பேரினம் என்று நினைக்கிறோம். சரியா?

குறிஞ்சிவாசி எழுதியது:

மற்றவர்கள் முறை சொல்லும் முன் அனுமதி பற்றி. கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயம் 2013இல் அறிவிக்கப்பட்டது. அதன் எல்லைக்குள் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் முழுதாகப் பொருந்தும். மாஸ்தானே, கீழே விழுந்த கிளைதானே என்று எடுக்க முடியாது. சென்னையில் உள்ள தலைமை வனவிலங்குக் காப்பாளருக்கு ஆய்வுத் திட்டத்துடன் விண்ணப்பிக்க வேண்டும், கல்லூரி முதல்வரின் கடிதமும் வைக்கவும். எத்தனை மாதிரி, எந்தெந்த இடம், எந்த ஹெர்பேரியத்தில் (உலர்தாவரக் காப்பகம்) வைக்கப்போகிறீர்கள் என்று எழுதாவிட்டால் விண்ணப்பம் திரும்பி வரும்.

அனுமதி வரும்வரை வேலை நிற்க வேண்டியதில்லை. வீட்டுச் சுவர், ஓட்டுக்கூரை, கல்லூரி வளாகம், தனியார் காப்பித் தோட்டம் இவற்றில் உரிமையாளரிடம் கேட்டுவிட்டு எடுக்கலாம். சாலையோர மண்சரிவு எல்லாம் பொது நிலம் அல்ல, பல இடங்களில் காட்டு எல்லை தார்ச்சாலையின் விளிம்பிலேயே தொடங்கிவிடும். வரைபடத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. பெயர் உறுதிசெய்ய வெளிநாட்டு வல்லுநருக்குத் தபாலில் அனுப்பிவிடாதீர்கள். 2002 பல்லுயிர்ச் சட்டப்படி அதற்குத் தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் நடைமுறை உண்டு. அலுவலகம் சென்னை தரமணியில்தான் இருக்கிறது.

மலைப்பாதை எழுதியது:

எடுக்கும் அளவு: உள்ளங்கையில் பாதி, அதாவது 5 செ.மீ.க்கு 5 செ.மீ. போதும். திட்டு அதைவிடப் பெரிதாக இருந்தால்தான் அவ்வளவும். சின்னத் திட்டென்றால் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். நடுவில் பிய்க்காமல் ஓரத்தில் எடுங்கள், ஓட்டை சீக்கிரம் மூடும். மண்ணில் வளர்வதைக் கத்தியால் 2 மி.மீ. ஆழத்துக்குச் சீவி எடுத்து, பின்பக்க மண்ணை அங்கேயே தட்டிவிடுங்கள். மண் உலர்ந்தபின் பொடிந்து பாக்கெட் முழுவதும் பரவி, இலைக்கு இடையில் ஏறிக்கொள்ளும். பிறகு நுண்ணோக்கியில் மணலைத்தான் பார்ப்பீர்கள்.

பாலித்தீன் கவர் வேண்டவே வேண்டாம். மாலைக்குள் வியர்த்து, மறுநாள் பூஞ்சை. காகிதப் பாக்கெட்டுதான். ஏ4 தாளை நெடுக்காக வையுங்கள். கீழ் விளிம்பை 10 செ.மீ. மேலே மடியுங்கள். இரண்டு பக்கத்தையும் 3.5 செ.மீ. முன்புறமாக மடியுங்கள். மேலே மிஞ்சியிருக்கும் மடலைக் கீழே இறக்கி மூடுங்கள். 14 செ.மீ.க்கு 10 செ.மீ. பாக்கெட் கிடைக்கும். ஒட்டுப்பசை, ஸ்டேப்ளர் எதுவும் தேவையில்லை, பொடி மண்கூட வெளியே வராது. லேபிள் மேல் மடலின் வெளிப்பக்கத்தில். காட்டில் பென்சிலால் எழுதுங்கள், ஜெல் பேனா ஈரத்தில் ஓடிவிடும்.

கேப்சூல் (காம்பின் நுனியில் உள்ள வித்துப்பை) இருந்தால் பச்சை நிலையிலும் பழுத்த நிலையிலும் உள்ளவற்றைச் சேர்த்து எடுங்கள். பச்சையில்தான் தொப்பி இருக்கும், பழுத்ததில்தான் வாயைச் சுற்றியுள்ள பற்கள் தெரியும். வடகிழக்குப் பருவமழை முடிந்து டிசம்பர் முதல் பிப்ரவரி வரை தேடினால் இரண்டும் ஒரே திட்டில் கிடைக்க வாய்ப்பு அதிகம்.

காப்பிக்காடு எழுதியது:

உலர்த்துவதற்கு ஹீட்டர் முன்னால் வைத்தால் ஒரே இரவில் முடியுமே? பருவமழையில் வேறு வழியும் இல்லை.

மலைப்பாதை எழுதியது:

ஹீட்டர் வேண்டாம். 40 டிகிரிக்கு மேல் போனால் இலை நொறுங்கும், பச்சை பழுப்பாகும். பாக்கெட்டின் மேல் மடலைத் திறந்து, வரிசையாக நிறுத்தி வைத்து, மின்விசிறிக் காற்று படவிட்டால் நல்ல நாளில் இரண்டு மூன்று நாளில் காய்ந்துவிடும். மழை நாளில் மூடிய அலமாரிக்குள் ஒரு குறைந்த வாட் குண்டு பல்பை எரியவிட்டு, அதற்கு மேல் தட்டில் வையுங்கள். சோலையில் எடுத்த தொங்கு மாஸ் நிறைய நீர் பிடித்திருக்கும். அதை முதலில் செய்தித்தாளுக்கு நடுவே கையால் ஒற்றியபின் பாக்கெட்டில் போட வேண்டும்.

பூச்செடி மாதிரி அழுத்தியில் வைத்துக் கட்டாதீர்கள். இலை எந்தக் கோணத்தில் நிற்கிறது, காய்ந்தால் முறுக்குகிறதா, தண்டோடு ஒட்டிக்கொள்கிறதா என்பதெல்லாம் அடையாளங்கள். அழுத்தினால் அத்தனையும் போயிற்று.

முழுக்கக் காய்ந்தபின் பாக்கெட்டுகளை ஜிப் கவரில் போட்டு, உறைநிலைப் பெட்டியில் கழித்தல் 18 டிகிரியில் ஒரு வாரம். சிலந்தி, சிறு வண்டு, முட்டை எல்லாம் ஒழியும். வெளியே எடுத்ததும் கவரைத் திறக்காமல் அறை வெப்பத்துக்கு வரவிடுங்கள், இல்லாவிட்டால் நீர்த்துளி பாக்கெட்டில் படியும். மெர்குரிக் குளோரைடு பூச வேண்டியதே இல்லை. மாஸைப் பூச்சி அதிகம் சீண்டாது, அந்த விஷத்தைத் தொடுகிற கைக்குத்தான் ஆபத்து.

ஹெர்பேரியக்கிளி எழுதியது:

லேபிள் பற்றி யாரும் விரிவாகச் சொல்லவில்லை. மாஸுக்கு வளர்தளம் பாதி அடையாளம். "மரத்தில்" என்று எழுதினால் பயனில்லை. கீழே ஒரு மாதிரி:

எண் 47. திண்டுக்கல் மாவட்டம், பண்ணைக்காடு, சிமெண்ட் நீர்த்தொட்டியின் வடக்குச் சுவர், தரையிலிருந்து 40 செ.மீ., நீர் கசியும் இடம், நாள் முழுதும் நிழல். கேப்சூல் இல்லை. அட்சரேகை, தீர்க்கரேகை, உயரம், தேதி, எடுத்தவர்.

மரமென்றால் எந்த மரம், உயிருள்ளதா பட்டதா, அடிமரமா கிளையா, பட்டை சொரசொரப்பா வழுவழுப்பா. யூகலிப்டஸில் பட்டை உரிந்துகொண்டே இருப்பதால் மாஸ் நிலைப்பது குறைவு. பக்கத்திலேயே சோலை மரம் போர்த்தியதுபோல் இருக்கும். இந்த வேறுபாடு பட்டியலில் வர வேண்டுமானால் மரத்தின் பெயர் லேபிளில் இருக்க வேண்டும்.

கைபேசி ஜிபிஎஸ் காட்டும் உயரத்தை அப்படியே எழுதாதீர்கள். மரக்கவிகையின் கீழ் பத்து இருபது மீட்டர் தவறுவது சாதாரணம். அட்சரேகை, தீர்க்கரேகை இரண்டையும் வைத்து உயரக்கோட்டு வரைபடத்தில் சரிபாருங்கள்.

எண் தொடர்ச்சியாகப் போகட்டும். இடத்துக்கு இடம் ஒன்றிலிருந்து தொடங்கினால் ஆறு மாதத்தில் மூன்று "எண் 5" இருக்கும்.

தூவானம் எழுதியது:

நன்றி. ஃபோரோ பட்டியல் கேள்வி அப்படியே நிற்கிறது. அப்புறம் அந்தத் தொட்டி மாஸ்.

பிளேடுக்காரன் எழுதியது:

பட்டியலைப் பார்த்துப் பெயர் வைக்கக் கூடாது. பெயர் வைத்தபின் பட்டியலைப் பாருங்கள். இந்த வரிசை மாறினால் 1961இல் இருந்ததையே திரும்பக் கண்டுபிடிப்பீர்கள், புதிதாக ஒன்று வந்தாலும் பழைய பெயருக்குள் தள்ளிவிடுவீர்கள்.

ஃபோரோவின் உழைப்பைக் குறைத்துச் சொல்லவில்லை. அவர் எடுத்தவற்றைப் பரிசோதித்த இங்கிலாந்தின் டிக்சனும் பிரான்சின் போத்தியே த லா வார்தும் ஒரு பேரினத்துக்கே ஃபோரோவெல்லா என்று பெயரிட்டிருக்கிறார்கள். ஆனால் பட்டியலில் விளக்கமோ திறவுகோலோ (அடையாளங்களைப் படிப்படியாகப் பார்த்துப் பெயருக்குப் போகும் அட்டவணை) எதிர்பார்க்காதீர்கள். பெயர்களும் பல மாறிவிட்டன. பாப்பில்லேரியா ஃபஸ்செசன்ஸ் என்று அங்கே பார்த்தால் இன்று கிரிப்டோபாப்பில்லேரியா. பிரையம் பேரினத்திலிருந்து பல இனங்கள் வெளியேறிவிட்டன. ஒவ்வொரு பெயரையும் இன்றைய ஏற்பெயரோடு ஒப்பிட்டு இரண்டு பத்தியில் ஒரு அட்டவணை போட்டு வைத்துக்கொள்ளுங்கள், முதல் மாத வேலை அதுதான்.

திறவுகோலுக்கு எச்.சி. கங்குலியின் கிழக்கிந்திய மாஸ் தொகுதிகளைத்தான் பெரும்பாலோர் புரட்டுகிறோம், 1969 முதல் 1980 வரை வந்தவை. படங்கள் அருமை. ஆனால் அது வங்காளம், சிக்கிம், அசாம் பக்கத்துக்கு எழுதியது. தென்னகத்தில் மட்டும் உள்ள இனம் அதில் இருக்காது, திறவுகோல் உங்களை ஏதாவது ஒரு இமயமலைப் பெயரில் கொண்டுபோய் விடும். பேரினம் வரை நம்புங்கள். இனத்துக்கு விளக்கத்தின் ஒவ்வொரு வரியும் பொருந்துகிறதா என்று பாருங்கள்.

இனி தொட்டி மாஸ். படத்தை வைத்து நான் சொல்லக்கூடியது "பாட்டியேசியே குடும்பம்" வரைதான். ஐயம் ஹையோஃபிலா இன்வலூட்டா மேல். ஈரச் சுவர், சிமெண்ட், அந்த உயரம், உள்சுருளும் இலை எல்லாம் அதற்குத்தான் பொருந்துகிறது. பார்புலாவில் இலை விளிம்பு வெளிப்பக்கமாக மடங்கும், காய்ந்தால் இலை முறுக்கிக்கொள்ளும். பரிசோதிக்க வேண்டியவை:

முதலில் 20 மடங்கு லென்ஸில் மேல் இலைகளின் கக்கத்தைப் பாருங்கள். ஹையோஃபிலாவில் நட்சத்திர வடிவில் பல முனை கொண்ட ஜெம்மாக்கள் (உதிர்ந்து புதுச் செடியாகும் நுண்மொட்டுகள்) காம்போடு கொத்தாக இருக்கும். காய்ந்த செடியைத் தட்டினாலே தாளில் விழும்.

பிறகு ஓர் இலையை நீரில் ஏற்றி, நுனிப்பக்க விளிம்பில் பற்கள் இருக்கிறதா என்று பாருங்கள். நாக்கு வடிவ இலை, வலுவான நடுநரம்பு, நுனிக்குக் கீழே ஒழுங்கற்ற பல் இருந்தால் இன்வலூட்டா.

கடைசியாக இலையின் குறுக்குவெட்டு. மேல்பக்கச் செல்கள் ஒவ்வொன்றும் குமிழாகப் புடைத்திருக்க, கீழ்பக்கம் வழுவழுப்பாக இருக்க வேண்டும். கேப்சூல் கிடைத்தால் இன்னும் எளிது. ஹையோஃபிலாவில் வாய்ப்பற்களே இல்லை. பார்புலாவில் நீண்டு முறுக்கிய இழைகளாக இருக்கும்.

தூவானம் எழுதியது:

குறுக்குவெட்டுதான் வரவில்லை. இலை பிளேடுக்கு அடியில் வழுக்குகிறது, இல்லாவிட்டால் பெரிய துண்டாக வருகிறது.

பிளேடுக்காரன் எழுதியது:

ஈரம் அதிகமானால் வழுக்கும், முழுக்கக் காய்ந்தால் நொறுங்கும். வெந்நீரில் ஒரு சொட்டு பாத்திரம் துலக்கும் திரவம் விட்டு, செடியை இரண்டு நிமிடம் ஊறவைத்து, வடிதாளில் ஒற்றியெடுங்கள். அந்தப் பதம்தான். திரவம் இலைக்கு நடுவில் உள்ள காற்றுக்குமிழை விரட்டும்.

இலையைத் தனியாக வெட்டாதீர்கள். நாலைந்து செடிகளின் நுனியை ஒரே திசையில் ஸ்லைடில் படுக்க வைத்து, மேலே இன்னொரு ஸ்லைடை வைத்து விரலால் அழுத்துங்கள். மேல் ஸ்லைடின் விளிம்புக்கு வெளியே மயிரிழை அளவு நீட்டிக்கொண்டிருக்கும் பகுதியைப் புதுச் சவர பிளேடால் சீவுங்கள். பிறகு மேல் ஸ்லைடை மிக லேசாகப் பின்னுக்கு நகர்த்தி மறுபடி சீவுங்கள். இப்படி இருபது முப்பது சீவல், எண்ணிப் பார்க்காமல். எல்லாவற்றையும் ஒரு சொட்டு நீரில் கழுவிவிட்டு, 10 மடங்கு லென்ஸில் தேடினால் அவற்றில் மூன்று நான்கு மெல்லியதாக, நிமிர்ந்து நிற்காமல் பக்கவாட்டில் படுத்திருக்கும். அவைதான் உங்களுக்கு வேண்டியவை. பிளேடின் ஒரு மூலையை இரண்டு மாதிரிக்கு மேல் பயன்படுத்தாதீர்கள், கூர் போனதும் இலை கிழியத் தொடங்கும்.

எங்கே வெட்டுவது என்பதும் முக்கியம். கேம்பைலோபஸ் பேரினத்துக்கு இலையின் நடுப்பகுதி. விளக்கங்கள் அங்கே எடுத்த வெட்டைத்தான் சொல்கின்றன. நுனியில் வெட்டிவிட்டு நடுநரம்பில் ஸ்டீரைடு செல்கள் (சுவர் தடித்த ஒடுங்கிய செல்கள்) இல்லை என்று முடிவுகட்டிவிட வேண்டாம்.

காப்பிக்காடு எழுதியது:

எங்கள் பக்கம் தாண்டிக்குடியில் சில்வர் ஓக் கிளைகளில் நூல் மாதிரி தொங்குகிறது. எல்லோரும் பாசி என்றே சொல்வோம். இதில் எது மாஸ், எது வேறு?

மலைப்பாதை எழுதியது:

இழுத்துப் பாருங்கள். உள்ளே வெள்ளையாக ரப்பர்போல் நீளும் நடுநார் தெரிந்தால் அது அஸ்னியா, லைக்கன் (பூஞ்சையும் பாசியும் சேர்ந்து வாழ்வது). சாம்பல் பச்சையாக, இலையே இல்லாமல் இருக்கும். இலை இருந்து, அதில் நடுநரம்பு துளிகூட இல்லாமல், அடியில் சிறு பை போன்ற மடல் இருந்தால் ஃப்ருல்லேனியா, அது லிவர்வொர்ட், மாஸின் உறவு. பெரும்பாலும் செம்பழுப்பு. மீதி தொங்குவன மீட்டியோரியேசியே குடும்பத்து மாஸ்கள்.

அவற்றுக்குள் பிரிப்பது செல்லின் மேலுள்ள பாப்பில்லாக்களை (நுண்ணிய முனைப்புகள்) வைத்து. ஒரு செல்லுக்கு ஒன்றே இருந்து, இலைகள் வெளிப்பக்கமாக வளைந்து பரந்திருந்தால் மீட்டியோரியாப்சிஸ். ஒரு செல்லின் மேல் வரிசையாகப் பல, செடி மென்மையாக மஞ்சள் கலந்த பச்சையாக இருந்தால் ஃப்ளோரிபண்டேரியா. வரிசையாகப் பல இருந்து, காய்ந்தால் இலை தண்டோடு ஒட்டி, அடியில் காதுபோல் மடல் இருந்தால் பாப்பில்லேரியா வகையறா.

குறிஞ்சிவாசி எழுதியது:

பாப்பில்லாவா பச்சையக் கணிகமா என்று முதலில் யாருக்கும் தெரியாது. இரண்டும் சின்ன வட்டமாகத் தெரியும்.

பிளேடுக்காரன் எழுதியது:

நுண்ணோக்கியின் ஒளித்திரையை முக்கால் பங்கு மூடுங்கள், விளிம்புகள் எழும்பித் தெரியும். 40 மடங்கு லென்ஸில் குவியத்தை மேலும் கீழும் அசையுங்கள். பாப்பில்லா மேல்தளத்தில் மட்டும் கூர்மையாகும், கணிகம் செல்லுக்குள் இறங்கும்போது தெரியும். பிறகும் ஐயமென்றால் இலையை மடித்து வைத்து மடிப்பின் விளிம்பைப் பாருங்கள், பாப்பில்லா பக்கவாட்டில் முள்போல் நீட்டிக்கொண்டிருக்கும். ஒரு சொட்டு லாக்டிக் அமிலத்தில் சூடுபண்ணினால் கணிகம் போய்விடும், பாப்பில்லா போகாது.

தொங்கு மாஸில் எப்போதும் முதன்மைத் தண்டின் நடுவிலிருந்து இலை எடுங்கள். கிளை இலை சிறுத்து வேறு மாதிரி இருக்கும், திறவுகோல் தவறான வழியில் போகும். உரிக்கும்போது தண்டின் நுனியை ஒரு இடுக்கியால் பிடித்துக்கொண்டு மற்றதால் இலையைக் கீழ்நோக்கி இழுத்தால் அடிமூலைச் செல்கள் தண்டில் ஒட்டாமல் இலையோடு வரும். அடிமூலை கிழிந்த இலை எதற்கும் ஆகாது.

அளவு எடுக்கும் முன் கண்ணாடி அளவுகோலைத் திருத்தியிருக்கிறீர்களா? 40 மடங்கு லென்ஸில் கண்பக்க அளவுகோலின் 100 பிரிவு, தளத்தின் அளவுகோலில் 250 மைக்ரானுக்குச் சமமென்றால் ஒரு பிரிவு 2.5 மைக்ரான். உங்கள் நுண்ணோக்கியில் இது வேறாக வரும். இலையின் நடுப்பகுதியில் பத்துச் செல்லாவது அளந்து, சிறியதையும் பெரியதையும் இரண்டையும் எழுதுங்கள். சராசரி மட்டும் எழுதினால் விளக்கத்தோடு ஒப்பிட முடியாது.

ஹெர்பேரியக்கிளி எழுதியது:

நிலையான ஸ்லைடுக்கு ஹோயர் கரைசலைத்தான் பழைய நூல்கள் சொல்லும். அதில் குளோரல் ஹைட்ரேட் வேண்டும், கல்லூரி ஆய்வகத்தில் வாங்குவது பெரும்பாடு, வாங்கினாலும் பூட்டி வைக்க வேண்டிய பொருள். கிளிசரின் ஜெல்லி போதும். ஜெலட்டின் 10 கிராமை 60 மி.லி. நீரில் இரண்டு மணி நேரம் ஊறவைத்து, நீர்ச்சட்டியில் கரைத்து, கிளிசரின் 70 மி.லி., பீனால் 1 கிராம் சேர்த்துக் கலக்குங்கள். கொதிக்க விடாதீர்கள், ஜெலட்டின் பிறகு உறையாது. பீனால் தோலைச் சுடும், கையுறை கட்டாயம். பயன்படுத்தும்போது அரிசி அளவுத் துண்டை ஸ்லைடில் வைத்து லேசாகச் சூடுகாட்டினால் உருகும். இலையை முன்கூட்டியே நீர்த்த கிளிசரினில் ஊறவைக்காமல் நேராகப் போட்டால் சுருங்கிவிடும்.

ஸ்லைடின் எண் பாக்கெட்டின் எண்ணேதான். உரித்த இலை, வெட்டு, கேப்சூல் மீதி எல்லாவற்றையும் ஒரு சின்னக் காகித மடிப்பில் போட்டு அதே பாக்கெட்டுக்குள் வையுங்கள். அடுத்து பார்க்கிறவர் மறுபடி பிய்க்க வேண்டியிராது.

காப்பிக்காடு எழுதியது:

காப்பித் தோட்டத்துத் தென்னை, பாக்கு அடிமரத்தில் வெளிறிய வெண்பச்சைத் திட்டு. லூக்கோபிரையம் என்று போடலாமா?

மலைப்பாதை எழுதியது:

பனை, தென்னை வகை அடிமரமென்றால் ஆக்டோபிளெஃபாரம் ஆல்பிடமாக இருக்கவே வாய்ப்பு அதிகம். இரண்டும் வெளுப்பாக இருப்பது இறந்த பெரிய செல்களால். வெட்டிப் பார்த்தால் நடுவிலுள்ள பச்சைச் செல் முக்கோணமாக இருந்தால் ஆக்டோபிளெஃபாரம், நாற்கோணமாக இருந்தால் லூக்கோபிரையம். கேப்சூல் இருந்தால் வாய்ப்பற்களை எண்ணுங்கள். எட்டு என்றால் முன்னது, பதினாறு என்றால் பின்னது.

தூவானம் எழுதியது:

தொட்டி மாஸ், எண் 47: கக்கத்தில் நட்சத்திர ஜெம்மாக்கள் நிறைய. இலை நுனியில் பற்கள் உண்டு. வெட்டில் மேல்பக்கம் குமிழ், கீழ்பக்கம் வழுவழுப்பு. ஆனால் அதே திட்டில் ஒன்றிரண்டு கேப்சூல் இருக்கிறது, அவை தலைகீழாகத் தொங்குகின்றன. ஹையோஃபிலாவில் நிமிர்ந்த கேப்சூல் என்று படித்தோம்.

பிளேடுக்காரன் எழுதியது:

காம்பை நுனியிலிருந்து அடிவரை ஊசியால் பிரித்துக்கொண்டே போங்கள். அது எந்தச் செடியின் தண்டில் முடிகிறது என்று பார்த்தபின்தான் கேப்சூலை அந்த மாஸின் பெயரில் எழுத வேண்டும். சுவர்த் திட்டுகள் கலப்படம். தொங்கும் கேப்சூல் பெரும்பாலும் நடுவே முளைத்திருக்கும் பிரையமுடையது. அடியில் வெள்ளிபோல் பளபளக்கும் சிறு மொட்டுத் தண்டுகள் இருந்தால் பிரையம் அர்ஜென்டியம். இலைநுனிச் செல்களில் பச்சையம் இல்லாததால்தான் அந்த வெள்ளி.

தூவானம் எழுதியது:

ஆமாம், காம்பு வெள்ளிச் செடியில்தான் முடிகிறது. அப்படியானால் ஒரே பாக்கெட்டில் இரண்டு இனம். எண் எப்படிப் போடுவது?

ஹெர்பேரியக்கிளி எழுதியது:

அதிகமாக இருப்பது 47. பிரையத்தைப் பிரித்து இன்னொரு பாக்கெட்டில் போட்டு 47அ என்று எழுதுங்கள். இரண்டு லேபிளிலும் "இதனுடன் கலந்து வளர்ந்தது" என்று மற்றதன் எண்ணைக் குறியுங்கள். பிரிக்க முடியாத அளவு பின்னியிருந்தால் பிரிக்க வேண்டாம், ஒரே பாக்கெட்டில் இரண்டு பெயரையும் எழுதி, எது எவ்வளவு என்று ஒரு வரி. பெயர் வைத்தவர், பெயர் வைத்த தேதி இரண்டும் தனித் துண்டுச் சீட்டில். பிறகு வேறொருவர் மாற்றினால் புதுச் சீட்டு ஒட்டுவார், பழையதை அடிக்கவோ கிழிக்கவோ கூடாது.